முதிர்ந்த ஷாம்பெயின்: வயது பாட்டிலில் ஏறியதா, பீரோவில் ஏறியதா?

வைகைக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற சனிக்கிழமை இரவு மதுரை தல்லாகுளத்தில் நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஆறு பேர் கூடி, பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த நான்கு ஷாம்பெயின் பாட்டில்களைச் சாப்பாட்டோடு திறந்து பார்த்தோம். அன்று மூண்ட ஒரு வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. விவரம் தெரிந்தவர்கள் தீர்த்து வைக்கட்டும் என்றுதான் இதை இங்கே எழுதுகிறேன்.

வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர் தீர்வையில்லாமல் இரண்டு லிட்டர் மது மட்டுமே கொண்டுவரலாம் என்பதால், ஒரு பயணத்துக்கு முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டுதான் தேறும். எனவே இந்த நான்கும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கைகளில், வெவ்வேறு இடங்களில் இருந்து வந்து சேர்ந்தவை. முதலாவது, பல ஆண்டு அறுவடைகளைக் கலந்து செய்யும் சாதாரண வகை. இந்த ஆண்டு வாங்கியது. இரண்டாவதும் அதே நிறுவனத்தின் அதே வகைதான், ஆனால் 2016-இல் வாங்கி, நண்பரின் கொடைக்கானல் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே மரப்பெட்டியில் ஒன்பது ஆண்டுகள் கிடந்தது. மூன்றாவது 2008-ஆம் ஆண்டு அறுவடையில் மட்டும் செய்தது. அதுவும் கொடைக்கானலில் இருந்தது. நான்காவதுதான் அன்றைய மாப்பிள்ளை. 1996-ஆம் ஆண்டுப் பாட்டில். நண்பருக்கு 2013-இல் அன்பளிப்பாக வந்தது. விலை உயர்ந்த பொருள் என்பதால் அதைப் பட்டுச் சேலைகளோடு இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டி, பன்னிரண்டு கோடைகள் பத்திரமாகப் பாதுகாத்திருக்கிறார்.

புதியதில் எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் தூக்கலாக இருந்தன; நுரை நாக்கில் குத்தியது. அதே சரக்கு ஒன்பது ஆண்டு கழித்து எப்படி மாறியிருந்தது என்பதை நான் எதிர்பார்க்கவே இல்லை. நிறம் பொன்னாகியிருந்தது, குமிழி சிறுத்து மெதுவாகியிருந்தது, புளிப்பு அடங்கி வறுத்த முந்திரியும் தேனும் முன்னுக்கு வந்திருந்தன. நண்பரின் தாயார் குடிப்பதில்லை. ஆனால் கோப்பையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "பேக்கரியில ரொட்டி எடுக்கிற நேரத்துக்கு அந்தத் தெருவுல நடந்தா இப்படித்தான் வரும்" என்றார். அன்றிரவு சொல்லப்பட்ட சுவைக்குறிப்புகளில் இதுதான் ஆகச் சரியானது என்பது என் கருத்து.

சாப்பாட்டில்தான் சறுக்கினோம். கோலா உருண்டை எல்லாப் பாட்டிலோடும் நன்றாக ஒத்துப்போனது. ஆனால் பெருமையாகக் கொண்டுவந்து வைத்த அயிரை மீன் குழம்பைத் தொட்ட பிறகு எந்தக் கோப்பையைக் குடித்தாலும் வாயில் முள் குத்துவதுபோல் எரிந்தது. சனிக்கிழமை கவிச்சி தொடாத அம்மா தமக்கென்று தனியாகச் செய்து வைத்திருந்த வெண்பொங்கலை நான் சும்மா ஒரு கரண்டி வாங்கிப் போட்டுக்கொண்டேன். நெய்யும் மிளகும் முந்திரியும் சேர்ந்த அந்தப் பொங்கலுக்கும் ஒன்பது ஆண்டுப் பாட்டிலுக்கும் இருந்த பொருத்தத்தைப் பார்த்து, மற்ற ஐவரும் மீனை ஒதுக்கிவிட்டுப் பொங்கலுக்கு வரிசை கட்டினார்கள். அம்மாவுக்கு அன்று மிஞ்சியது ரசஞ்சோறுதான்.

இனி வழக்குக்கு வருகிறேன். 1996-ஐத் திறந்தபோது சத்தமே வரவில்லை. கார்க் சூம்பிப்போய்க் கையோடு வந்துவிட்டது. ஊற்றினால் கடுந்தேநீர் நிறம். குமிழி ஒன்றிரண்டு ஓரத்தில் எழுந்து மறைந்தது. வாசனையில் அழுகத் தொடங்கிய ஆப்பிளும் காடியும் இருந்தன. மூவர் இதுதான் உண்மையான முதிர்ச்சி, நமக்குத்தான் பழக்கமில்லை என்றார்கள். மூவர் கெட்டுப்போனது என்றோம். யார் சரி? இதனுடன் சேர்த்து இன்னொரு புதிரும் உண்டு. 2008-ஐ ஒரே பாட்டிலிலிருந்து ஆறு கோப்பையில் ஊற்றியபோது, நான்கில் குமிழி சரம் சரமாக எழுந்தது. இரண்டில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆனால் குடித்தால் ஆறும் ஒரே மாதிரித்தான் இருந்தன. இதற்கு என்ன காரணம்?

அரசரடி எழுதியது:

ஐயா, தவறாக எண்ண வேண்டாம். நம் ஊரில் பழையது என்றால் பழைய சோறு. அதை மறுநாள் காலையில் சாப்பிடுவோமே தவிர, பன்னிரண்டு ஆண்டு கழித்துச் சாப்பிடுவதில்லை. நுரைக்காகத்தான் இந்த ஒயினுக்கு விலை. அந்த நுரையைப் போக விட்டுவிட்டு, போன பிறகு அதற்கு முதிர்ச்சி என்று பெயர் வைப்பது, காசு கொடுத்து வாங்கியவர் மனத்தைத் தேற்றிக்கொள்ளும் வழியாகத்தான் எனக்குப் படுகிறது.

வேதியியல்_வாத்தியார் எழுதியது:

முதலில் கோப்பைப் புதிரை முடித்துவிடலாம், ஏனென்றால் அது எளிது. குமிழி திரவத்துக்குள் தானாகப் பிறப்பதில்லை. அதற்குப் பற்றிக்கொள்ள ஒரு சிறு காற்றுப்பை வேண்டும். பெரும்பாலும் அந்தக் காற்றுப்பை கோப்பையின் சுவரில் ஒட்டியிருக்கும் பஞ்சு இழையின் உட்குழலில் இருக்கிறது. பிரான்ஸின் ரீம்ஸ் பல்கலைக்கழகத்தில் ழெரார் லிஜே-பெலேர் என்ற இயற்பியலாளர் இதை அதிவேகப் படக்கருவி வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். உங்கள் நான்கு கோப்பைகளைத் துணியால் துடைத்தும், இரண்டைக் கழுவிக் கவிழ்த்து உலரவிட்டும் இருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். சோப்பு மிச்சம் இருந்தாலும் நுரை நிற்காது. ஆகவே கோப்பையைப் பார்த்து ஒயின் செத்துவிட்டது என்று சொல்லக் கூடாது. நாக்கில் குத்துகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

குமிழி குறைவது கெடுதலின் அடையாளமும் அல்ல. பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்க வைக்கும்போது லிட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் சர்க்கரை சேர்க்கிறார்கள். அதிலிருந்து ஆறு வளிமண்டல அழுத்தம் வருகிறது, அதாவது கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அந்த வாயு கார்க் வழியாக ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கசிகிறது. லிஜே-பெலேரின் குழுவினர் 1974-ஆம் ஆண்டுப் பாட்டில்களை அளந்து பார்த்தபோது, தொடக்கத்தில் இருந்த கரியமில வாயுவில் ஏறக்குறைய 80 விழுக்காடு போயிருந்தது. பெரிய பாட்டிலில் இது மெதுவாக நடக்கும். முக்கால் லிட்டர் பாட்டிலில் குமிழி எழும் திறன் 40 ஆண்டு நிற்கும் என்றும், ஒன்றரை லிட்டரில் 82 ஆண்டு நிற்கும் என்றும் அதே குழுவினர் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அயிரை மீன் எரிந்ததற்கும் காரணம் உண்டு. சோடாவோ ஷாம்பெயினோ நாக்கைக் குத்துவது குமிழி வெடிப்பதால் அல்ல. கரியமில வாயு நாக்கின் ஈரத்தில் கார்பானிக் அமிலமாக மாறுகிறது; அந்த அமிலம்தான் குத்துகிறது. குமிழியே எழ முடியாத அளவுக்கு அழுத்தம் கொடுத்த அறையில் உட்கார்ந்து குடித்துப் பார்த்தவர்களுக்கும் அந்தக் குத்தல் குறையவில்லை. மிளகாயின் காரத்தை மூளைக்கு எடுத்துச் செல்லும் நரம்பே இதையும் எடுத்துச் செல்கிறது. எரிகிற இடத்தில் மேலும் அமிலத்தை ஊற்றினீர்கள், அவ்வளவுதான்.

பீரோ பற்றி ஒரு மனக்கணக்கு. வெப்பம் பத்து டிகிரி கூடினால் வேதிவினை ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும் என்பது எங்கள் வகுப்பறை விதி. ஷாம்பெயின் நிலவறையில் 10 முதல் 12 டிகிரி. மதுரை வீட்டுக்குள் ஆண்டு சராசரி 30 என்று வைத்துக்கொண்டால் நான்கு மடங்கு வேகம். பன்னிரண்டு ஆண்டு என்பது நாற்பத்தெட்டு ஆண்டு ஆகிவிடுகிறது. எல்லா வினைகளும் ஒரே வேகத்தில் கூடுவதில்லை என்பதால் இது தோராயம்தான். ஆனாலும், உங்கள் 1996 குடிக்கப்பட்ட அன்று அதற்கு வயது அறுபத்தைந்தை ஒட்டி இருந்தது என்பேன்.

தல்லாகுளம்_மாடி எழுதியது:

பீரோவுக்குச் சொந்தக்காரன் நான்தான். வாத்தியார் சொன்னதைப் படித்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன். பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து வைத்திருக்கும் துணியால் நான்கு கோப்பைகளைத் துடைத்ததாகவும், அதற்குள் பொங்கல் அடிபிடிக்கும் வாசனை வந்ததால் மற்ற இரண்டை அப்படியே கவிழ்த்துவிட்டுப் போனதாகவும் சொன்னார். ஆக, 2008-இன் குமிழிக்குப் பாதிப் பெருமை சுங்குடி நெய்தவர்களுக்குப் போக வேண்டும்.

ஆனால் 1996 கெட்டுப்போனது என்பதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் கழித்து அதில் கருப்பட்டி வாசனையும் உலர்ந்த ஆரஞ்சுத் தோல் வாசனையும் வந்ததை வைகைக்கரையானே ஒப்புக்கொண்டார். இங்கே அதை எழுதாமல் விட்டது நியாயமில்லை.

காரைக்கால்_ரீம்ஸ் எழுதியது:

இருபது ஆண்டுகளாக ரீம்ஸில் வசிக்கிறேன். இந்த ஊர்க்காரர்கள் சுண்ணாம்புப் பாறைக் குடைவுகளில் பாட்டிலை அடுக்கிவிட்டு மறந்துபோகும் அழகை அடிக்கடி பார்ப்பதால் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

நீங்கள் எல்லோரும் வயது என்று ஒன்றைச் சொல்கிறீர்கள். ஷாம்பெயினுக்கு இரண்டு வயது உண்டு. முதல் வயது, ஈஸ்ட் மண்டியோடு பாட்டில் படுத்திருக்கும் காலம். சர்க்கரையைத் தின்று முடித்த ஈஸ்ட் செத்து அடியில் படிகிறது; பிறகு அதன் செல்கள் மெல்லச் சிதைந்து உள்ளிருப்பதை ஒயினுக்குக் கொடுக்கின்றன. தாயார் சொன்ன ரொட்டி வாசனைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அந்த மண்டி உயிர்வளியையும் வாங்கிக்கொள்வதால், அதோடு கிடக்கும்வரை ஒயின் இளமையாகவே இருக்கும். பல அறுவடைகளைக் கலந்த வகை குறைந்தது 15 மாதம் நிலவறையில் இருக்க வேண்டும், அதில் 12 மாதம் மண்டியோடு. ஆண்டு குறித்த வகைக்குக் குறைந்தது மூன்று ஆண்டு. நல்ல நிறுவனங்கள் இதைவிடப் பல மடங்கு காத்திருக்கின்றன.

பிறகு பாட்டிலைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தலைகீழாக்கி, மண்டி முழுவதும் கழுத்துக்கு வந்ததும் அதை உறையவைத்து வெளியே தள்ளி, குறைந்த இடத்தைச் சிறிது சர்க்கரை கலந்த ஒயினால் நிரப்பிக் கார்க் அடிக்கிறார்கள். அந்த நொடியிலிருந்து இரண்டாம் வயது தொடங்குகிறது. உள்ளே கொஞ்சம் காற்று புகுந்திருக்கும். சேர்த்த சர்க்கரையும் ஈஸ்ட் விட்டுச்சென்ற அமினோ அமிலங்களும் மெதுவாக வினைபுரியும். ரொட்டி சுடும்போதும் முந்திரி வறுபடும்போதும் நிமிடங்களில் நடக்கிற அதே மாதிரியான வினை, நிலவறைக் குளிரில் பல ஆண்டு எடுத்துக்கொண்டு நடக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். தேனும் வறுத்த பருப்பும் காளானும் இந்த இரண்டாம் வயதில் வருபவை.

அதனால் ஒரு பாட்டிலைப் பற்றி என்னிடம் யாராவது கேட்டால், முகப்பில் உள்ள அறுவடை ஆண்டை நான் பார்ப்பதில்லை. பின்புறச் சீட்டைத் திருப்பி, மண்டி நீக்கிய தேதி இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். 1952-ஆம் ஆண்டு ஒயினைப் பல ஆண்டு மண்டியோடு வைத்திருந்து, பொலிஞ்சே நிறுவனம் 1967-இல் 'அண்மையில் மண்டி நீக்கியது' என்று தனிப் பெயரிட்டு விற்றதே இந்த வேறுபாட்டைக் காட்டத்தான். ஒரே அறுவடையில் ஒரே நாளில் அடைத்த இரண்டு பாட்டில்களில் ஒன்றை எட்டாம் ஆண்டிலும் மற்றொன்றை இருபதாம் ஆண்டிலும் மண்டி நீக்கினால், அருகருகே வைத்துக் குடிக்கிறவருக்கு இரண்டும் ஒரே ஒயின் என்று நம்புவது கடினம். உங்கள் 2008-இல் அந்தத் தேதி இருந்ததா?

1996 பற்றி ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த ஆண்டுத் திராட்சையில் சர்க்கரையும் புளிப்பும் ஒருசேர மிக அதிகம். நூற்றாண்டின் அறுவடை என்று கொண்டாடினார்கள். ஆனால் நல்ல நிலவறையில் இருந்த பாட்டில்களிலும் சில, பழம் வற்றிப் புளிப்பு மட்டும் மிஞ்சி, எதிர்பார்த்ததற்கு முன்பே பழுப்பேறின. ஆகவே முழுப் பழியையும் பீரோவின் தலையில் போட்டுவிட முடியாது. என்றாலும் காடி வாசனையும் சூம்பிய கார்க்கும் வெப்பத்தையே சுட்டுகின்றன. மதுரை வெயிலில் திரவம் விரிந்து சுருங்கும்போதெல்லாம் கார்க்கின் பிடி தளர்ந்திருக்கும்.

அரசரடி ஐயாவுக்கு ஒரு சொல். 2010-இல் பின்லாந்தைச் சேர்ந்த ஓலாந்துத் தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து 168 ஷாம்பெயின் பாட்டில்களை எடுத்தார்கள். அவற்றுள் சில வூவ் கிளிக்கோ நிறுவனத்தவை. இருட்டு, கடுங்குளிர், 170 ஆண்டு. அக்கால வழக்கப்படி லிட்டருக்கு 150 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருந்தது. திறந்தவுடன் ஈர மயிர் வாடை அடித்ததாம். கோப்பையைச் சுழற்றிக் காற்றாட விட்ட பிறகு பூவும் பழமும் வந்ததாகச் சுவைத்தவர்கள் பதிந்திருக்கிறார்கள். நுரை ஏறக்குறைய இல்லை. நுரை போனதோடு ஒயின் போய்விடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அரசரடி எழுதியது:

ஈர மயிர் வாடை அடிக்கிற பானத்தைச் சுழற்றிச் சுழற்றிக் குடிக்கும் பொறுமை எனக்கு இல்லை. ஆனால் பழையதும் பழுத்ததும் வேறு வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்பது ஆண்டுப் பாட்டில் இன்னொன்று இருந்தால் அழையுங்கள், பொங்கலுக்காகவாவது வருகிறேன்.

கம்பத்துத்_தோட்டம் எழுதியது:

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வைத்திருக்கிறேன். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, "நீங்களும் ஷாம்பெயின் போட வேண்டியதுதானே" என்று கேட்காத விருந்தாளி இல்லை. ஷாம்பெயின் என்ற பெயர் அந்த வட்டாரத்தில் செய்ததற்கே உரியது என்பது ஒருபுறம் இருக்கட்டும். நுரைக்கும் ஒயினுக்குத் திராட்சையைப் புளிப்பு தூக்கலாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். முதிர்ச்சியைத் தாங்கி நிற்கும் முதுகெலும்பு அந்தப் புளிப்புதான். எங்கள் இரவுகள் சூடானவை. பழம் இனிக்க இனிக்கப் புளிப்பு இறங்கிவிடுகிறது.

அதோடு பன்னீர் என்பது மஸ்கட் இனம். அதன் மணம் இளமையில்தான் அழகு. இத்தாலியில் வெள்ளை மஸ்கட்டிலிருந்து செய்யும் ஆஸ்தி ஒயினைத் தொட்டியிலேயே நுரைக்கவைத்து, வந்த சூட்டோடு குடித்து முடிக்கிறார்கள். யாரும் அதைப் பெட்டியில் வைத்து வயதேற்றுவதில்லை. எல்லாப் பழத்தையும் ஊறுகாய் போட முடியாது என்பது போலத்தான் இதுவும். எனவே நண்பர்கள் தங்கள் வீட்டில் கிடக்கும் எல்லா நுரை ஒயினையும் கொடைக்கானலுக்கு அனுப்பிவிட வேண்டாம்.

வைகைக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. விட்டுப்போனவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1996-இல் அரை மணி நேரம் கழித்துக் கருப்பட்டி வாசனை வந்தது உண்மை. நான் எழுதாமல் விட்டது தவறு. ஆனால் அது ஒரு பத்து நிமிடம்தான் நின்றது. மிச்சத்தை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் காலை பார்த்தபோது காடியைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தை வைத்துத்தான் மூவர் வாதாடுகிறார்கள் என்றால், அதை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

2008-இன் பின்புறச் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மண்டி நீக்கியது 2017 என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. அப்படியானால் எட்டு ஆண்டுக்கும் மேல் மண்டியோடும், அதன்பின் எட்டு ஆண்டு கார்க்கோடும் இருந்திருக்கிறது. சுவையும் அப்படித்தான் இரண்டு தட்டாக இருந்தது. முதல் வாயில் எலுமிச்சையின் கூர்மை; விழுங்கிய பிறகு ரஸ்க்கும் வெண்ணெயும். ஒன்பது ஆண்டுச் சாதாரணப் பாட்டில் அந்த அளவுக்குக் கூர்மையாக இல்லை, ஆனால் தேன் அதில்தான் அதிகம். அன்றிரவு விலை வரிசையில் ஒயினை மதிப்பிட்டிருந்தால் நாங்கள் நான்கையும் தவறாகவே மதிப்பிட்டிருப்போம். எனக்கு முதலிடம் பொங்கலோடு குடித்த அந்தச் சாதாரணப் பாட்டிலுக்குத்தான். மற்ற ஐவரில் நால்வர் 2008 என்கிறார்கள்.

சுங்குடிச் சோதனையையும் நேற்று செய்து பார்த்தோம். ஷாம்பெயினை வீணாக்க மனமில்லாமல் கடையில் வாங்கிய சோடாவை வைத்துச் செய்தோம். ஒரே மாதிரியான இரண்டு கோப்பைகளை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து உலர்த்தி, ஒன்றை மட்டும் அம்மா துணியால் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்தார். துடைத்ததில் ஐந்தாறு இடத்திலிருந்து ஊசி நூல்போல் குமிழிச் சரம் மேலே ஏறியது. துடைக்காததில் சுவரில் சில குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றதோடு சரி. வாத்தியார் ஐயாவின் ஊகம் அப்படியே பலித்தது. அடுத்த முறை குறுகலான நீளக் கோப்பையை விட்டுவிட்டு, வயிறு அகன்று வாய் ஒடுங்கிய ஒயின் கோப்பையிலேயே பழைய பாட்டில்களை ஊற்றுவதாக இருக்கிறோம். முதிர்ந்த வாசனை தேங்கி நிற்க இடம் வேண்டும் என்பதை 1996-இன் அந்தப் பத்து நிமிடம் காட்டிவிட்டது.

தல்லாகுளம் வீட்டுப் பீரோவில் இன்னும் ஒரு பாட்டில் இருக்கிறது என்று நேற்றுதான் வெளியே வந்தது. 2012-ஆம் ஆண்டு அறுவடை; வந்து பத்து மாதம்தான் ஆகிறது. சித்திரை வெயில் ஒன்றை மட்டும் பார்த்திருக்கிறது. அதை ஈரத்துணியில் சுற்றிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, வரும் வியாழக்கிழமை காலை காரிலேயே கொடைக்கானலுக்கு எடுத்துச் செல்கிறோம். கழுத்தில் சீட்டு கட்டிவிட்டோம்: மண்டி நீக்கிய மாதம், பீரோவில் இருந்த மாதங்கள், பெட்டிக்குள் போகும் தேதி. அரசரடி ஐயாவின் பெயரையும் அதிலேயே எழுதி வைத்திருக்கிறோம். பொங்கலுக்கு அம்மா சம்மதித்துவிட்டார், இந்த முறை தமக்கும் சேர்த்து இரண்டு படி அரிசி போடுவதாக.